குளத்தில எத்தினை அடி தண்ணி? வன்னியில் ஐந்து நாள்

20.06.2025, வெள்ளி: வவுனியா, புளியங்குளம், நெடுங்கேணி

"ஆனியில வன்னிக்கோ? உங்களுக்கென்ன விசரே?" வவுனியாவில் தேத்தண்ணி ஊற்றித் தந்தவர் கேட்டார். நியாயமான கேள்விதான். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று பிடித்துவிட்டால் முகத்தில் அறைவது பாதி காற்று, பாதி புழுதி. காலை எட்டு மணிக்கே ஹெல்மெட்டுக்குள் தலை அவிந்தது. ஆனால் பாலைப்பழம் பழுப்பதும், குளம் வற்றி மீன் ஒதுங்குவதும் இந்த நாட்களில்தான். வன்னிக் கிராமத்துப் பிள்ளைகள் முன்பு எதைத் தின்றார்கள், எதை வைத்து விளையாடினார்கள், எந்தெந்த வேலை அவர்கள் தலையில் இருந்தது என்று பார்க்க வருபவருக்கு மார்கழியைவிட ஆனி நல்லது. மார்கழியில் எல்லாவற்றையும் வெள்ளம் மூடியிருக்கும்.

மோட்டார் சைக்கிள் ஒன்று, ஆட்கள் இரண்டு. ஓமந்தை தாண்டி, புளியங்குளத்தில் கண்டி வீதியை விட்டுக் கிழக்கே திரும்பியதும் நிழல் கொஞ்சம் கூடியது. பாலை, முதிரை, வீரை என்று இரண்டு பக்கமும் காடு. வீதியோரம் ஓர் அம்மா அலுமினியச் சட்டியில் பாலைப்பழம் குவித்து வைத்திருந்தார். ஒரு சுண்டு 150 ரூபா. ரின்பால் பேணிதான் சுண்டு. அளந்தபின் மேலே ஒரு கை அள்ளிப் போட்டது கணக்கில் சேராது.

பாலைப்பழம் சுண்டுவிரல் நுனி அளவு, நல்ல மஞ்சள், உள்ளே பளபளக்கும் ஒற்றைக் கொட்டை. முதல் பத்துப் பழம் தேன். இருபது தாண்டினால் மேலுதடும் கீழுதடும் ஒட்டிக்கொள்ளும். பழத்தின் பாலில் உள்ள பிசின் செய்கிற வேலை அது. புதிதாக வருபவர்கள் போத்தல் போத்தலாகத் தண்ணீர் குடித்து உதட்டைத் தேய்ப்பார்கள். பிசின் தண்ணீரில் கரையாது. எண்ணெயில்தான் கரையும். இங்குள்ள பிள்ளைகள் காட்டுக்குப் புறப்படுமுன் உதட்டில் ஒரு துளி தேங்காயெண்ணெய் பூசிக்கொள்வார்கள். மரத்திலிருந்து பறித்ததைவிடத் தானாக விழுந்த பழத்தில் பால் குறைவு என்பதால், விடிய முதல் போய் மரத்தடியில் பொறுக்குவது இன்னொரு வழி. கொப்பை வெட்டி விழுத்திப் பறிப்பவர்களும் உண்டு. அப்படி வெட்டிய மரம் அடுத்த வருடம் மொட்டையாக நிற்கும்.

மிஞ்சிய பழத்தில் பாணி காய்ச்சுவது வீட்டுப் பெண்களின் வேலை. பிசைந்து, கொட்டையும் தோலும் போகத் துணியில் வடித்து, சாற்றை மெல்லிய நெருப்பில் வற்ற வைக்க வேண்டும். பெரிய சட்டிச் சாறு ஒரு போத்தல் பாணியாகும். அவசரப்பட்டு நெருப்பைக் கூட்டினால் அடிப்பிடித்துக் கைக்கும். தண்ணீர்ப்பதத்தில் இறக்கினால் சில நாளில் புளித்து நுரைக்கும். அகப்பையிலிருந்து நூல்போல வடியும்போது இறக்கினால் மாதக் கணக்கில் இருக்கும்.

பாலைப்பழத்துக்குப் போட்டிக்காரர் கரடி. அது மரமேறித் தின்னும். ஆகவே காட்டுக்குள் போகும் பிள்ளைகள் நாலைந்து பேராக, தகரத்தில் தட்டிக்கொண்டு, சத்தமாகக் கதைத்துக்கொண்டு போவார்கள். ஆள் வரும் சத்தம் கேட்டால் கரடி தானாக விலகும். சத்தமில்லாமல் கிட்டப் போய்த் திடுக்கிட வைத்தால்தான் முகத்தில் பாயும். மரத்தடிக்குப் போனால் பழத்தைப் பார்க்குமுன் இரண்டு விடயம் பார்க்கவேண்டும்: பட்டையில் புது நகக்கீறல், நிலத்தில் பாலைக்கொட்டை நிறைந்த ஈரமான எச்சம். இரண்டில் ஒன்று இருந்தாலும் மேலே அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டியதுதான்.

இப்போது மூன்றாவதாக ஒன்றும் பார்க்க வேண்டியிருக்கிறது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை. மிதிவெடி அகற்றும் வேலை வன்னியில் இன்னும் எல்லா இடத்திலும் முடிந்துவிடவில்லை. "ஆக்கள் நடந்த பாதையால மட்டும் போங்கோ தம்பியவை, ஒண்டுக்கு இருக்கிறதெண்டாலும் ரோட்டுக்கரையில இருங்கோ" என்று பழம் விற்ற அம்மா கண்டிப்பாகச் சொன்னார். கரடிக்குத் தகரம் தட்டலாம். இதற்கு என்னத்தைத் தட்டுவது?

நெடுங்கேணியில் சோறு முடிந்துவிட்டிருந்தது. பாணும் பருப்பும் கிடைத்தன. கடைக்காரர் பாண் வெட்டும்போதே, "முத்தையன்கட்டுப் பக்கம் போறியளோ? குளத்தில எத்தினை அடி தண்ணி நிக்குதாம்?" என்று விசாரித்தார். தெரியாது என்றதும் எங்கள் மீதான அக்கறை சட்டென்று குறைந்துவிட்டது.

ஒட்டுசுட்டானுக்கு வழி கேட்ட இடத்தில் "இன்னும் ரெண்டு கட்டை" என்றார்கள். கட்டை என்றால் மைல். அந்த இரண்டு கட்டை ஓடோமீற்றரில் ஏழு கிலோமீற்றர் காட்டியது. வன்னியில் கட்டை கணக்கு வழி கேட்பவருடைய மனம் நோகாமல் சொல்லப்படுவது.

21.06.2025, சனி: முத்தையன்கட்டு

பேராற்றை மறித்துக் கட்டிய குளம். வெயில் ஏறுமுன் அணைக்கட்டில் ஏறிவிட்டோம். ஒரு பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர், மறுபக்கம் கீழே பச்சை வயல். குளத்தின் உறுப்புகளை இங்கே ஐந்து வயதுப் பிள்ளையும் சொல்லும். அணைக்கட்டு, வயலுக்குத் தண்ணீர் திறக்கிற துருசு, மிஞ்சிய தண்ணீர் வழிகிற வான், தண்ணீர் ஏறியும் இறங்கியும் விளையாடுகிற மேட்டுப்பக்கக் கரை, அதாவது அலைகரை. மழைக்காலத்தில் 'குளம் வான் பாயுது' என்ற சொல் கேட்டதும் பள்ளிக்கூடம் பாதி காலியாகும் காலம் இருந்ததாம்.

வரண்ட மாதங்களில் பிள்ளைகளின் இடம் அலைகரைதான். தண்ணீர் பின்வாங்கும்போது பள்ளங்களில் முழங்காலளவு தேங்கி நிற்கும். மீன் அதற்குள் அகப்பட்டுவிடும். அங்கேதான் கரப்புக் குத்துவது. ஒரு வீட்டுக் கூரைத் தாழ்வாரத்தில் பழைய கரப்பு ஒன்று செருகியிருந்ததை இறக்கிக் காட்டினார்கள். மெல்லிய நேரான தடிகளைக் கயிற்றால் வரிசையாகப் பின்னிய கூடை, அடியும் மேலும் திறந்தது. உயரம் இரண்டு அடி, அடிவாய் கிட்டத்தட்ட இரண்டு அடி அகலம், மேல்வாய் கை தோள்வரை நுழைய ஏழெட்டு அங்குலம். தடிகளின் கீழ்முனை கூராகச் சீவியிருக்கும், சேற்றில் இறங்குவதற்காக.

நாலைந்து பேர் வரிசையாக நின்று, ஒரே நேரத்தில் ஓரடி முன்வைத்துக் குத்திக்கொண்டு போகவேண்டும். தனியாகக் குத்துபவனுக்கு மீன் பக்கவாட்டில் ஓடிவிடும். வரிசையில் குத்தினால் இவனிடம் தப்பியது அவனுடைய கரப்புக்குள். குத்தியதும் தூக்கக்கூடாது. அழுத்திப் பிடித்தபடி காத்திருந்தால் உள்ளே மீன் தடியில் மோதும் 'டப்' கையில் தெரியும். பிறகு மேல்வாயால் கைவிட்டு, சேற்றோடு சேர்த்து அமத்திப் பிடிப்பது.

கைவிடும் கணம்தான் பயம். யப்பான் மீனின் முதுகுமுள் கீறும், அவ்வளவுதான். சுங்கான் குத்தினால் கதை வேறு. அதன் பக்கமுள்ளில் நஞ்சு உண்டு. கை தோள்வரை கடுக்கும். வைத்தியம் பழையது, சரியானது: பொறுக்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில் கையை அமிழ்த்தி வைப்பது. சூட்டில் நஞ்சின் வீரியம் குறையும். பச்சைத்தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தால் இரவு முழுக்க அழுகைதான். தண்ணீர்ப்பாம்பும் சில நாள் கரப்புக்குள் வரும். முதலை இருக்கிற குளத்தில் பெரியவர்கள் யாரும் கரையில் நிற்காமல் பிள்ளைகளை இறங்க விடுவதில்லை.

யப்பான் மீன் யப்பானில் இருந்து வந்ததல்ல. ஆபிரிக்கத் திலாப்பியா மீன், 1952 இல் இலங்கைக் குளங்களில் விட்டார்கள். ஏன் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது என்று கேட்டால் ஆளுக்கொரு விளக்கம். இன்றைக்கு வன்னிக் குளத்து வலையில் அதிகம் ஏறுவது அதுதான். கரையில் கிலோ 500 ரூபா சொன்னார்கள்.

தூண்டில் போடுபவர்களும் நின்றார்கள், பத்துப் பன்னிரண்டு வயது. மிதப்புக்கு ரெஜிபோம் துண்டு கட்டியிருந்தார்கள். முன்பு மயிலிறகுத் தண்டு. வன்னியில் மயிலுக்குப் பஞ்சமில்லை, காட்டோரம் பொறுக்கலாம். இறகைச் சீவி எடுத்தால் மிஞ்சும் வெள்ளைத் தண்டு உள்ளே பஞ்சுபோல லேசு, தண்ணீரில் செங்குத்தாக நிற்கும். மீன் முகர்ந்தாலே ஆடும். ரெஜிபோம் மீன் இழுத்தபின்தான் ஆடுகிறது. இரையில் மாற்றமில்லை: யப்பானுக்கு மண்புழு அல்லது பாண் உருண்டை, விராலுக்குச் சின்னத் தவளை.

மதியம் அந்தக் கரப்பு வீட்டிலேயே மறித்துவிட்டார்கள். போனதும் செம்பில் தண்ணீர், பிறகுதான் பேச்சு. குளத்து மீனில் சேற்று மணம் என்று முகம் சுளிப்பவர்கள் இந்த அடுப்படியைப் பார்க்கவேண்டும். மீனின் வயிற்றுக்குள் ஒட்டியிருக்கும் கறுப்புச் சவ்வை உப்புக்கல் வைத்து உரஞ்சி எடுக்கிறார்கள். பாதி மணம் அதில்தான். பிறகு உப்பும் பழப்புளியும் பூசிக் கால்மணி நேரம் வைத்துக் கழுவினால் மற்றப் பாதி போய்விடும். குழம்புக்கு வெந்தயம் தாராளம். கூட இருந்தது குரக்கன் புட்டு. குரக்கன் மாவுக்கு ஒட்டும் தன்மை குறைவு, ஆனால் தண்ணீர் கூடினால் களியாகிவிடும். இரண்டு சுண்டு குரக்கன் மாவுக்கு ஒரு சுண்டு வறுத்த அரிசிமா கலந்து, உப்புத்தண்ணீரைத் தெளித்துத் தெளித்து விரல் நுனியால் உதிர்த்தார்கள். பிடித்தால் பிடிபட வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். தேங்காய்ப்பூ சேர்த்து நீத்துப்பெட்டியில் அவித்தார்கள். பனையோலைப் பெட்டி மிச்ச ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. அலுமினியச் சட்டியில் அவித்தால் அடிப்பக்கம் கட்டியாகிறது. காசு கொடுக்கப் பார்த்தோம். "அப்ப இனி இந்தப் பக்கம் வரமாட்டியள் போல" என்றார் அந்த வீட்டு அம்மா. காசு திரும்பவும் பைக்குள் போனது.

22.06.2025, ஞாயிறு: கற்சிலைமடு, முள்ளியவளை, வற்றாப்பளை

கற்சிலைமடுவில் வன்னி மன்னன் பண்டாரவன்னியனின் நினைவுக்கல் முன் பத்து நிமிடம். 1803 இல் முல்லைத்தீவுக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தவன், அதே வருடம் ஒக்டோபர் 31 இல் இவ்விடத்தில் கப்டன் வொன் டிறிபேர்க்கின் படையிடம் தோற்றான். வெயில் அதற்குமேல் நிற்க விடவில்லை.

வற்றாப்பளை கண்ணகி அம்மன் கோயில் வெளிவீதியில் பொங்கல் கச்சான் கடைகளின் தடிகள் அடுக்கியிருந்தன. வைகாசிப் பௌர்ணமியை ஒட்டிய திங்கட்கிழமையில் பொங்கல். அதற்கு முன் சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் வைத்து, அந்த உப்புத்தண்ணீரில் விளக்கெரிப்பது இங்குள்ள வழக்கம். வன்னிப் பிள்ளைகளுக்கு வருடத்தின் பெரிய இரவு அதுதான்: மாட்டு வண்டிலில் பாயும் கட்டுச்சோறும், விடிய விடியக் கூட்டம், போகும்போது கையில் கச்சான் பொட்டலம். முள்ளியவளை கோவலன் கூத்துக்கும் பேர்போன இடம். கூத்துப் பார்க்கப் போகும் பிள்ளை முன்வரிசையில் பாயை விரித்துப் படுத்துவிட வேண்டும். நித்திரை வந்தாலும் இடம் போகாது.

கோயிலுக்குப் பக்கத்தில் நந்திக்கடல். ஓரமெல்லாம் வற்றி வெள்ளை உப்பு பூத்துக் கிடந்தது. 2009 மே மாதம் இந்தக் களப்புக்கும் கடலுக்கும் இடையில் என்ன நடந்தது என்பது இதை வாசிப்பவர்களுக்குத் தெரியும். தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வலையோடு போன ஒருவர் தலையசைத்துவிட்டுப் போனார்.

பின்னேரம் முள்ளியவளையில் ஒரு வெறுங்காணியில் கிளித்தட்டு. எதிர்பார்க்கவில்லை. கிரிக்கெட் மட்டையோடு வந்த பிள்ளைகள்தான், பந்து பற்றைக்குள் தொலைந்ததால் இதற்கு மாறியிருந்தார்கள். பந்து தொலைந்ததற்கு நன்றி.

காலால் இழுத்த கோடுகள் போதும். நீளப்பாட்டில் நடுக்கோடு ஒன்று, அதைக் குறுக்கே வெட்டும் கோடுகள் ஆட்களின் தொகைக்கு ஏற்ப. இவர்கள் ஐந்துக்கு ஐந்து என்பதால் குறுக்குக்கோடு நான்கு. மறிக்கும் பக்கத்தில் நால்வர் ஆளுக்கொரு குறுக்குக்கோட்டில், ஐந்தாமவன் கிளி. மற்றவர்கள் தங்கள் கோட்டை விட்டு அசையமுடியாது, கிளி மட்டும் நடுக்கோடு முழுக்க ஓடலாம். கிளி கைதட்டியதும் ஆட்டம் தொடங்கும். எதிர்ப்பக்கம் அடிபடாமல் எல்லாப் பெட்டியையும் தாண்டி மறுகரைக்குப் போய்த் திரும்பவேண்டும். போகிறவன் காய், மறுகரை தொட்டுத் திரும்புகிறவன் பழம். காயும் பழமும் ஒரே பெட்டிக்குள் சந்தித்தால் பிழை என்பது இவர்கள் வைத்திருந்த விதி. அந்த விதியில்தான் சண்டையெல்லாம்.

கிளியாக யாரை விடுவது என்பதில் ஆட்டம் பாதி முடிந்துவிடும். வேகமானவனை விடுவார்கள், அது பிழை. கிளிக்கு வேண்டியது கழுத்து: முன்னால் நிற்பவனை மறித்துக்கொண்டே பின்னால் நடப்பதைப் பார்க்கவேண்டும். இன்று கிளியாக நின்றது ஒரு மெல்லிய பிள்ளை, பதினொரு வயது இருக்கலாம். அவள் ஓடவேயில்லை. நடுக்கோட்டில் இரண்டு எட்டு இந்தப்பக்கம், இரண்டு எட்டு அந்தப்பக்கம். மூன்று பையன்களை ஒரே பெட்டிக்குள் நெருக்கிவைத்து, குறுக்குக்கோட்டில் நின்ற தம்பியிடம் தள்ளிவிட்டு அடிக்க வைத்தாள். புழுதி அடங்கியபோது பார்த்தால், காற்றுக்குக் கோடு பாதி அழிந்து கிடந்தது. முன்பு இதற்காகவே அடுப்புச் சாம்பலைத் தண்ணீர் தெளித்துக் கோட்டில் போடுவார்களாம். இப்போது வீடுகளில் காஸ் அடுப்பு, சாம்பல் இல்லை.

இரவு எருமைத் தயிர், சர்க்கரை. சட்டி 600 ரூபா. சட்டியைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினார் கடைக்காரர். விழவில்லை.

23.06.2025, திங்கள்: மாங்குளம், துணுக்காய், வவுனிக்குளம்

மாங்குளத்துக்கு மேற்கே, மல்லாவி போகிற வழியில் பின்சில்லு போய்விட்டது. ஒன்றரைக் கிலோமீற்றர் தள்ளினோம். நிழல் தரும் ஒரு மரமும் இல்லை. எதிரே வந்த உழவு இயந்திரக்காரர் கேட்காமலே நிறுத்தி, சைக்கிளைப் பெட்டியில் ஏற்றிக் கடைவாசலில் இறக்கிவிட்டுப் போனார். பேர்கூடச் சொல்லவில்லை.

சில்லு ஒட்டுபவர் ரியூப்பை ஒட்டுமுன் ரயருக்குள் ஒரு பழந்துணியை விட்டு வட்டமாகத் துடைத்தார். நூல் ஓரிடத்தில் சிக்கியது. அங்கே முறிந்த விடத்தல் முள். "இதைத் தேடாமல் ஒட்டினால் நாலு கட்டையில திரும்பவும் தள்ளுவியள், அண்ணை." விரலால் தடவித் தேடினால் விரலில்தான் ஏறும், துணியால் தேடவேண்டும். இரண்டு ஓட்டை, 400 ரூபா.

கடைக்குப் பின்னால் கிழிந்த ரியூப்கள் குவியல். முன்பு இப்படியான குவியலை வன்னிப் பையன்கள் சும்மா விடமாட்டார்கள். கெற்றப்போலுக்கு ரப்பர் அங்கிருந்துதான். கவட்டைக்குக் கொய்யாக் கொப்பு. உலர்ந்தால் இறுகும், வெடிக்காது. பச்சையாக வெட்டி, பட்டையை உரித்து, இரண்டு கவரையும் கயிற்றால் இழுத்துக் கட்டிப் புகையில் ஒரு வாரம் தொங்கவிட்டால் வளைவு சரியாகும். சைக்கிள் ரியூப்பில் ஒரு சென்ரிமீற்றர் அகலம், ஒரு அடி நீளத்தில் இரண்டு வார். வெட்டும்போது ஓரத்தில் சின்னப் பிசிறு விட்டாலும் அங்கேதான் அறுந்து முகத்தில் அடிக்கும். இரண்டு வாரும் நூல்கூட வித்தியாசமில்லாமல் ஒரே நீளம். இல்லையென்றால் கல் எப்போதும் ஒரு பக்கம் இழுக்கும். கல் வைக்கிற பட்டைக்குப் பழைய சப்பாத்தின் நாக்கு. குண்டுக்குக் குளத்துக் களிமண் உருட்டி இரண்டு நாள் வெயில், பிறகு அடுப்புச் சாம்பலுக்குள் ஓரிரவு. உருண்டையாக இருப்பதால் கல்லைவிட நேராகப் போகும்.

குறி குருவி என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். பெரும்பாலும் அது வேலை. கதிர் பால்பிடிக்கும் நாட்களில் கிளியும் குருவியும் வயலில் இறங்கும். விடியலும் பின்னேரமும் காவல் பிள்ளைகளுக்கு. காவற்கொட்டிலில் இருந்து வயல் நடுவே நட்ட தடிகளுக்குக் கயிறு, தடியில் கவிழ்த்துக் கட்டிய தகரப்பேணி, உள்ளே தொங்கும் கல். கொட்டிலில் இருந்து கயிற்றை இழுத்தால் வயல் முழுக்கக் கலகலக்கும். ஒரே மாதிரி இழுத்தால் மூன்றாம் நாள் கிளி பழகிவிடும். நேரத்தை மாற்றி மாற்றி, இடையில் கெற்றப்போல். யானைக்கு இது எதுவும் சரிவராது, அதற்கு வெடி.

வவுனிக்குளம் பாலியாற்றில். குளத்துக்குக் கீழே சிறுபோகம் பச்சையாக நின்றது. வரம்பில் மண்வெட்டியோடு நின்ற ஐயா ஒருவர், எழுபது தாண்டியவர், சூடு மிதித்த காலத்தைச் சொல்லத் தொடங்கியதும் வெயில் மறந்துபோனது.

வெட்டிய கதிரைக் களத்தில் குவித்து வைப்பது சூடு. அதை நிலவு காலத்தில் தள்ளிப் பரப்பி, எருமை விட்டு மிதிப்பார்கள். நாலைந்து எருமையைக் கழுத்தோடு கழுத்தாகப் பிணைத்து வட்டமாக நடத்துவது. உள்வட்டத்தில் வயதான மாடு, ஏனென்றால் அது கிட்டத்தட்ட நின்ற இடத்தில் திரும்பினால் போதும். வெளிவட்டத்தில் இளசு, அதற்குத்தான் நடை அதிகம். மாற்றிக் கட்டினால் பிணையல் இழுபட்டுக் குழம்பும். இடையிடையே வைக்கோலைக் கம்பால் கிளறிப் புரட்டினால் அடியில் நெல் இறங்கும். களத்தில் அதை நெல் என்று சொல்லக்கூடாது. பொலி. சொன்னால் பொலி குறையும்.

பிள்ளைகளுக்கு இதில் இருந்த வேலை ஒன்றே ஒன்று, மிக முக்கியமானது. மாட்டுக்குப் பின்னால் கைநிறைய வைக்கோலோடு நடப்பது. எருமை வாலைத் தூக்கினால் வைக்கோலை ஏந்த வேண்டும். சாணி பொலியில் விழக்கூடாது. "வாலைப் பாக்கிறதில்லையடா தம்பி, வாலின்ர அடியைப் பாக்கோணும். அது முதல் ஒருக்கா சுருங்கும். அப்ப கையை நீட்டினால்தான் சரி. வால் எழும்பினபிறகு நீட்டினால் அரைவாசி கீழ" என்று தன் கையை இரண்டையும் குவித்து, ஒரு எட்டு முன்வைத்து, இல்லாத மாட்டுக்குப் பின்னால் ஏந்திக் காட்டினார். சாமம் தாண்டி நித்திரை தூங்கி, ஏந்தத் தவறியவனுக்கு ஏச்சு விழும். ஆனால் விடியப் பொங்கும் புதுநெல்லுப் புக்கையில் முதல் அகப்பை அவனுக்குத்தான்.

இப்போது மெஷின் காலை வந்து மத்தியானம் ஏக்கரை முடித்துவிட்டுப் போகிறது. எருமை எங்கே என்று கேட்டோம். ஐயா மண்வெட்டியால் வாய்க்கால் மடையை அடைத்தார். "தண்ணி முறை முடிஞ்சுது. நான் போறன்."

இரவு மல்லாவியில் கொத்துரொட்டி. உறைப்பு. அதைப்பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை.

24.06.2025, செவ்வாய்: இரணைமடு, முறிகண்டி

அக்கராயன் பக்கமாகக் கிளிநொச்சிக்கு ஏறினோம். காற்று எதிரே, வாயைத் திறந்தால் மண். ஐந்து நாளில் வெள்ளைச் சேட் செம்மண் நிறமாகிவிட்டது, இனி அது அந்த நிறம்தான்.

இரணைமடுக் குளத்தை 1902 இல் கட்டத் தொடங்கினார்கள். கனகராயன் ஆற்றின் தண்ணீர். இரணை என்றால் இரட்டை, மடு என்றால் நீர்ப்பள்ளம். அணைக்கட்டில் நடந்து பார்த்தால் இது குளம் என்ற நினைப்பு போய்விடும். அலை கல்லில் அடிக்கிறது. கீழேயுள்ள வயல்களில் இந்தச் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்பதைக் குளத்தில் நிற்கும் அடியை வைத்துத்தான் கூட்டத்தில் தீர்மானிக்கிறார்கள். அடி குறைந்தால் ஏக்கர் குறையும். ஏக்கர் குறைந்தால் பங்கு குறையும். தேத்தண்ணிக்கடையில், பஸ்சில், செத்தவீட்டில் எல்லோரும் அடியைக் கேட்பது அதனால்தான். பிள்ளைகளும் அந்த இலக்கத்தில்தான் வளர்ந்தார்கள். அடி ஏறினால் வான் பார்க்கலாம். இறங்கினால் கரப்புக் குத்தலாம். நடுவில் நின்றால் வாய்க்காலில் குளிக்கலாம்.

வாய்க்காலில் இன்றைக்கும் குளித்துக்கொண்டுதான் இருந்தார்கள். துருசுக்கு நேர் கீழே இறங்கவில்லை. அங்கே தண்ணீர் மேலே அமைதியாகத் தெரியும், அடியில் சுழித்து இழுக்கும். நூறு யார் தள்ளி, கொங்கிறீற் முடிந்து மண்கரை தொடங்கும் இடத்தில் குதித்தார்கள். பாலத்தில் இருந்து குதிக்கும் ஒவ்வொருவனும் முதலில் ஒரு தடியை விட்டு ஆழம் பார்த்தான். யாரோ நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

திரும்பும் வழியில் முறிகண்டிப் பிள்ளையார். கண்டி வீதியால் போகும் எந்த வாகனமும் இங்கே நிற்காமல் போகாது. தேங்காய் அடித்து, திருநீறு பூசி, எதிரே கச்சான் கடைகளுக்கு நடப்பது ஒழுங்கு. கடை வரிசையில் ஒரு அக்கா இரும்புத் தாச்சியில் மணல் போட்டு வறுத்துக்கொண்டிருந்தார். மணல் முதலில் நன்றாகச் சுடவேண்டும். குளிர்ந்த மணலில் கச்சானைப் போட்டால் ஒரே சீராக வறுபடாது. போட்டபின் கை நிற்கக்கூடாது. ஒன்றை எடுத்து உடைத்து, பருப்பின் மேல்தோல் விரலால் தள்ள வழுக்கினால் உடனே அரித்துவிட வேண்டும். கோதுக்குள் இருக்கும் சூட்டில் மிச்சம் தானாக வேகும். நன்றாக வறுபடட்டும் என்று இன்னும் இரண்டு நிமிடம் விட்டால் ஆறியபின் கைக்கும். பைக்கற் 200 ரூபா, இரண்டு வாங்கினால் 350.

இரண்டு வாங்கினோம். மிச்சக்காசைத் தரும்போது புழுதி படிந்த சேட்டைப் பார்த்து, "எந்தப் பக்கத்தால வாறியள்?" என்றார் அக்கா.

"இரணைமடுவால."

"அப்படியே? எத்தினை அடி நிக்குது?"

அணைக்கட்டில் ஒரு மணித்தியாலம் நின்றிருந்தோம். அளவுகோலைப் பார்க்கவில்லை. அக்கா எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பின்னால் வந்து நின்ற லொறிக்காரரிடம் அதே கேள்வியைக் கேட்டார். அவருக்குத் தெரிந்திருந்தது.